காலா: தாராவிக்குள் இருந்து பார்த்த ஒரு சண்டைப்படம்

ரஜினி மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தெருப்பையன்களோடு கிரிக்கெட். அவர் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். பந்து மாடியைத் தாண்டிப் பறக்கும், காது கிழிய விசில், அப்புறம் பாட்டு. 'காலா'வில் அவர் போல்டு ஆகிவிடுகிறார். 2018 ஜூனில் மும்பை சயன் பக்கம் ஒரு தியேட்டரில் இரண்டாம் நாள் மாலைக் காட்சி பார்த்தேன். எனக்கு முன் வரிசையில் ஒரு பையன், பதினாறு வயசு இருக்கும், விசிலடிக்க இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து வைத்திருந்தவன் அப்படியே மெதுவாக எடுத்து சட்டையில் துடைத்துக்கொண்டான். படம் முழுக்க அவனைத்தான் பாதி பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே அடிப்பான் என்று.

இந்தப் படத்தைத் திட்டியவர்கள், கொண்டாடியவர்கள் எல்லாருமே ஏறக்குறைய அந்தப் பையன் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். சண்டைப்படம் என்று வந்து உட்கார்ந்தாயிற்று, இதில் சண்டை எங்கே இருக்கிறது? எனக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது தாராவி. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர். இப்போதும் தொண்ணூறு அடி ரோட்டில் இருந்து ஐந்து நிமிஷ நடையில்தான் வீடு. அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் எழுதுகிறேன், அதனால் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் படம் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 2016 ஜூலையில் 'கபாலி'. விமானத்தில் ரஜினி படம் வரைந்து விளம்பரம் செய்த அளவுக்கு எதிர்பார்ப்பு ஏறி, பாதிப் பேர் சோர்ந்து போய் வெளியே வந்த படம் அது. அடுத்த படத்துக்கு ரஜினி வேறு இயக்குநரைத் தேடியிருக்கலாம். மறுபடியும் பா. ரஞ்சித்தையே பிடித்தார். தயாரிப்பு தனுஷின் வுண்டர்பார். 2017 மே 25-இல் முதல் பார்வை போஸ்டர், 28-இல் மும்பையில் படப்பிடிப்பு ஆரம்பம். கேமரா ஜி. முரளி, இசை சந்தோஷ் நாராயணன், படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத், கலை த. ராமலிங்கம், சண்டை திலீப் சுப்பராயன். போஸ்டர் வந்த கையோடு இது பம்பாய்க் கடத்தல்காரர் ஹாஜி மஸ்தான் கதை என்று ஒரு பேச்சு கிளம்பி, மஸ்தான் குடும்பத்துத் தரப்பில் இருந்து நோட்டீஸ்கூட வந்தது. படக்குழு இல்லை என்று மறுத்தது.

அந்தப் பேச்சு ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று எங்களுக்குத் தெரியும். பம்பாய்த் தமிழன் என்றால் சினிமாவுக்கு ஒரே ஆள்தான், தாதா. 1987 தீபாவளிக்கு வந்த 'நாயகன்' போட்ட பாதை அது. மணிரத்னம் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் கேமரா, கமல்ஹாசன் நடிப்பு, தோட்டா தரணி செட். மூன்று தேசிய விருதுகள் (நடிப்பு, ஒளிப்பதிவு, கலை), ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பிய படம். வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது என்று ஊருக்கே தெரியும், படம் வந்து சில மாதங்களில், 1988 தொடக்கத்தில், அவர் இறந்தும் போனார். நல்ல படம், எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், மறுபடியும் பார்ப்பேன். ஆனால் அதற்கப்புறம் முப்பது வருஷம், ஊரில் கல்யாணத்துக்குப் போனால் "தாராவியா?" என்று கேட்டுவிட்டு ஒரு அடி தள்ளி நிற்கும் ஆட்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். என் அப்பா நாற்பது வருஷம் தைத்தது தோல் பெல்ட்டும் பர்ஸும். கத்தியைக் கையில் எடுத்திருக்கிறார், தோல் வெட்டுவதற்கு.

இன்னொன்று. 'நாயகன்' தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் போட்ட செட். 'காலா' தாராவியின் பெரும்பகுதி பூந்தமல்லி தாண்டி ஈவிபி ஃபிலிம் சிட்டியில் போட்ட செட். இடையில் முப்பது வருஷம். ஆக, தமிழ்நாடு இரண்டு தலைமுறையாகப் பார்த்த தாராவி இரண்டுமே சென்னையில் கட்டியது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பெரிய நடிகரை வைத்து ஒரு நாள் எடுத்தாலே எங்கள் வேலை ஒரு நாள் நிற்கும், கூட்டத்தைச் சமாளிக்கவும் முடியாது.

செட் நன்றாகவே இருந்தது. சாக்கடை மேல் போட்ட கல்பலகை, நீலத் தார்ப்பாய், வாசலில் துணி அலசும் பெண்கள், எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான், தெரு அகலம். படத்தில் ஜீப் வருகிறது, பாட்டுக்கு வரிசை கட்டி ஆடுகிறார்கள், கேமரா கிரேனில் ஏறி இறங்குகிறது. எங்கள் கல்லியில், அதாவது சந்தில், எதிரே ஆள் வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், சிலிண்டர் தூக்கி வருபவர் தூரத்தில் இருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். மேல் வீட்டுக்கு, நாங்கள் மாலா என்போம், உள்ளே படிக்கட்டு கிடையாது. வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலே இருந்து தொங்கும் ஒரு கயிறு, அவ்வளவுதான். எங்கள் மாலாவில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. சித்தி ஒரு கையில் கயிறு, ஒரு கையில் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவாள், பத்து மாசப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் ஏறியிருக்கிறாள். அந்தக் கயிறு கை பட்டுப் பட்டு நடுவில் மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தத் தெருவில் சினிமாச் சண்டை போட முடியாது. கையை வீசினால் மீட்டர் பெட்டியில் இடிக்கும். ரோப் கட்டி ஆளைத் தூக்கினால் அடுத்த வீட்டு ஓடு போகும். சண்டைக்கு இடம் வேண்டும், எங்களிடம் இல்லாதது அதுதான். இடத்துக்காகத்தான் இங்கே சண்டையே. 'காலா'வும் நிலத்தைப் பற்றிய படம், தொடக்கத்திலேயே நிலம் எப்படி அதிகாரமாக மாறியது என்று வரைபடக் காட்சியாக ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. அப்படியானால் இதில் சண்டை எப்படி இருக்க வேண்டும்? திலீப் சுப்பராயனுக்கும் ரஞ்சித்துக்கும் முன்னால் இருந்த உண்மையான சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன், அன்றைய விமர்சனங்களில் இதைப் பற்றி நான் எதையும் படித்த ஞாபகம் இல்லை.

படத்தின் பெயர்பெற்ற சண்டை மேம்பாலத்தில் நடக்கிறது. மழை, இரவு, கையில் குடை. குடையை வைத்தே அடிக்கும் யோசனை அழகு, கறுப்புக் குடை, கறுப்பு உடை, முரளி அந்த மழையை எடுத்த விதமும் அழகு. தியேட்டரில் எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். ஆனால் கவனியுங்கள், அந்தச் சண்டைக்காகப் படம் தாராவியை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. அகலமான ரோடு, மேலே வானம், காலி இடம். அங்கே நடப்பது எந்த ரஜினி படத்திலும் நடக்கக்கூடிய சண்டை. அறுபத்தேழு வயது நாயகனின் உடம்பையும் இருட்டையும் மழையையும் வைத்து நன்றாக மறைத்துச் செய்திருக்கிறார்கள், தொழில் சுத்தம், சரி, அதோடு முடிந்தது.

எனக்கு இந்தப் படத்தின் நிஜமான சண்டைக் காட்சி, நிலத்தைப் பறிக்கப் பார்க்கும் அரசியல்வாதி ஹரி தாதா தாராவிக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போகும் இடம். நானா படேகர், வெள்ளை உடை. வந்தார், பேசினார், போகப் போகிறார். போக முடியவில்லை. யாரும் அவரை அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. தெருவில் ஆட்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். தாராவியின் தலைவரான காலா, அதாவது ரஜினி, போகச் சொன்னால்தான் வழி. தன் காரும் காவலும் பதவியும் இருக்கிற ஒரு மனுஷன், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு சேரியில் இருந்து வெளியே போக அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. நானா படேகர் முகத்தில் அந்த நேரத்தில் கோபம் வருவதற்கு முன்னால் ஒரு சின்னத் திகைப்பு வரும், தான் நிற்கிற இடம் எது என்று அப்போதுதான் புரிந்த மாதிரி. நெருக்கடியான தெருவே ஆயுதமாகிவிடுகிற காட்சி அது. எங்கள் ஊரில் சுவரோடு ஒட்டி வழி விடுவது தினமும் நூறு முறை நடக்கும் மரியாதை, வழி விடாமல் நிற்பது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். முன் வரிசைப் பையன் அங்கேதான் விசிலடித்தான்.

இரண்டாவது, புயல் என்ற பெண் வரும் காட்சி. அஞ்சலி பாட்டீல் நடித்தது. போலீஸ் தடியடியில் அவளை இழுத்துப் போட்டு உடையை உருவி எறிகிறார்கள். தூரத்தில் உடை கிடக்கிறது, பக்கத்தில் ஒரு தடி கிடக்கிறது. அவள் தடியை எடுக்கிறாள். சில நொடிதான். தமிழ் சினிமா ஐம்பது அறுபது வருஷமாக இந்த இடத்தில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும், அந்தப் பெண் மாரை மூடிக்கொண்டு அழுவாள், நாயகன் சட்டையைக் கழற்றிப் போர்த்துவான், அவளுடைய கதை அங்கே முடிந்து அவனுடைய சண்டை தொடங்கும். இங்கே அவள் கை போகும் திசை ஒன்றுதான் மொத்தச் சண்டை வடிவமைப்பும். என் பக்கத்தில் மதினி இருந்தாள். 1992-93 பம்பாய்க் கலவரத்தில் அவளுக்குப் பதினோரு வயது, அந்த நாட்களைப் பற்றி இன்றுவரை அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அந்தக் காட்சியில் என் மணிக்கட்டைப் பிடித்தவள் காட்சி முடிந்தும் ரொம்ப நேரம் விடவே இல்லை. நகம் பதிந்த தடம் வீட்டுக்கு வந்து பார்த்தபோதும் இருந்தது.

இந்த இரண்டு காட்சிக்கும் ரோப் இல்லை, டூப் இல்லை, கண்ணாடி உடையவில்லை. ஆனால் படத்தில் உடம்பு சிலிர்த்த இடங்கள் இவைதான்.

சரி, வெளியீட்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் படம் எப்படி வரவேற்கப்பட்டது என்பதைப் பாதி முடிவு செய்தது படத்துக்கு வெளியே நடந்ததுதான். 2017 டிசம்பர் 31-இல் ரஜினி அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். அந்த நிமிஷத்தில் இருந்து 'காலா' ஒரு படமாக இல்லாமல் தேர்தல் அறிக்கையாகிவிட்டது. ஏப்ரல் 27 என்று தேதி வைத்திருந்தார்கள், மார்ச்சில் தொடங்கிய தயாரிப்பாளர் சங்க வேலைநிறுத்தத்தால் எல்லாப் படங்களும் தள்ளிப்போக, இதுவும் ஜூன் 7-க்குப் போனது. அந்த இடைவெளியில், மே 22-இல், தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. மே 30-இல் ரஜினி அங்கே போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்தார், சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்றார், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடே சுடுகாடாகிவிடும் என்ற பொருளில் பேசினார். அடுத்த எட்டாம் நாள் அவர் படம் வருகிறது, அதில் அவர் மக்களைப் போராடச் சொல்கிறார்.

தாராவியில் இது எப்படி விழுந்தது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. இங்கே உள்ள தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம்தான். படத்தில் காலா பேசுவதும் நெல்லைத் தமிழ், அவர் மனைவி செல்வியாக வரும் ஈஸ்வரி ராவ் பேசுவதும் நெல்லைத் தமிழ். அந்த மண்ணில் ரத்தம் காய்வதற்குள் அந்தப் பேச்சு. என் பெரியப்பா ரஜினியின் முதல் படத்தில் இருந்து ஒன்றுவிடாமல் பார்த்தவர், மாட்டுங்கா அரோராவில் தமிழ்ப்படம் வந்தால் முதல் ஆளாக நிற்பவர். 'காலா'வுக்கு வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கல" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நடிகர் வேறு பாத்திரம் வேறு என்று அன்று அவரிடம் வாதாடினேன். வாதம் சரிதான், இன்றும் அதையே சொல்வேன், ஆனால் அவர் வராததும் சரிதான்.

கர்நாடகாவில் காவிரி விவகாரத்தில் ரஜினி பேசியதற்காகப் படத்தை வெளியிட மாட்டோம் என்று அங்குள்ள திரைப்பட வர்த்தக சபை சொல்ல, ஜூன் 5-இல் உயர் நீதிமன்றம் தியேட்டர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க உத்தரவிட்டது, மறுநாள் உச்ச நீதிமன்றமும் படத்துக்குத் தடை விதிக்க மறுத்தது. அப்படியும் முதல் நாள் பெங்களூரில் பல இடங்களில் திரை ஏறவில்லை. நதிநீருக்காக நடந்த கோபத்தில் நிலத்தைப் பற்றிய ஒரு படம் மாட்டிக்கொண்டது.

இப்போது விமர்சனங்கள். ஒன்று, ரசிகர்களின் புகார்: மாஸ் குறைவு, சண்டை குறைவு, தலைவரைப் பேரன்பேத்தியோடு உட்கார வைத்துவிட்டார்கள். கபாலிக்கு வந்த கூட்டம் முதல் வாரத்தில் இதற்கு வரவில்லை என்பது உண்மைதான். இரண்டு, தமிழ்ப் பத்திரிகைகளில் பரவலாக வந்தது: முதல் பாதி நன்று, இரண்டாம் பாதி நீளம், சரீனாவுடனான பழைய காதல் எதற்கு. மூன்று, இங்கே மும்பையில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியவர்கள் அநேகமாகக் குறியீடுகளில் இறங்கிவிட்டார்கள். ராமாயணத்தைத் தலைகீழாகச் சொல்லும் படம், வெள்ளை உடையில் வரும் ஹரிதான் இங்கே அழிப்பவன், கறுப்பு உடையில் வரும் காலா தன் மண்ணைக் காக்கும் ராவணன், மேஜை மேல் ராவண காவியம், கடைசியில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று திரை முழுக்கப் பொடி.

குறியீடு படிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. புலவர் குழந்தை எழுதிய அந்தக் காவியம் 1948-இல் தடை செய்யப்பட்டு 1971-இல்தான் தடை நீங்கியது, அப்படி ஒரு புத்தகத்தை ரஜினி படத்தின் மேஜையில் வைக்கத் துணிச்சல் வேண்டும். ஆனால் குறியீடு என்று வெளியே இருப்பவர்கள் தேடிக் கண்டுபிடித்தது பலவும் எங்களுக்குத் தினசரிக் காட்சி. காலாவின் ஜீப் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், முடிவில் பிஆர் 1956 என்று வரும். அதை விளக்கி எத்தனையோ கட்டுரைகள் வந்தன. எங்கள் பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா டிரெய்லரில் பார்த்ததுமே சொல்லிவிட்டார். பி.ஆர். அம்பேத்கர் பௌத்தம் தழுவியதும் மறைந்ததும் 1956-இல்தான். ஒவ்வொரு டிசம்பர் 6-க்கும் அவர் நினைவிடமான தாதர் சைத்யபூமிக்கு வரும் லட்சக்கணக்கான ஆட்களில் ஒருவராக வெள்ளைச் சேலை கட்டி இங்கிருந்து நடந்தே போகிறவர் அவர். படத்தில் வரும் புத்த விகாரமும் பள்ளிவாசலும் கோயிலும் ஒரே தெருவில் இருப்பது 'சமத்துவக் கனவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். தாராவியின் பெரிய மசூதி 1887-இல் வந்தது, கணேசர் கோயில் 1913-இல். கனவு இல்லை, அதுதான் எங்கள் விலாசம்.

சரீனா பாத்திரத்தை எல்லாரும் காதலோடு சேர்த்துத் தள்ளிவிட்டது எனக்கு நிஜமாகவே வருத்தம். ஹூமா குரேஷி நடித்த அந்தப் பெண், வெளிநாடெல்லாம் போய்விட்டுத் திரும்பி வந்து தாராவியைப் புதிதாகக் கட்ட நல்லெண்ணத்தோடு திட்டம் போடுகிறவள். காலாவின் கடைசி மகன் லெனின், மணிகண்டன் நடித்தது, அவனும் அப்பாவோடு இதற்காக மோதுகிறான், நல்ல வீடு வந்தால் என்ன தப்பு என்று. இந்த வாதம் எங்கள் வீட்டில் இருபது வருஷமாக நடக்கிறது! 2004-இல் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்தபோது என் அண்ணனுக்குக் கல்யாண வயசு, இன்று அவன் மகள் கல்லூரி போகிறாள். கழிப்பறைக்கு வரிசையில் நின்ற எவளும் புது வீடு வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். யாருக்கு எத்தனை அடி, எந்த மாடி, தையல் மெஷினை எங்கே போடுவது, யாரை வெளியே தள்ளுவார்கள் என்பதுதான் கேள்வி. இதை ஒரு சண்டைப்படம் இவ்வளவு தூரம் உள்ளே போய்ப் பேசியது எனக்கு ஆச்சரியம், விமர்சனங்கள் இதைக் 'கிளைக்கதை' என்று ஒரு வரியில் கடந்தது அதைவிட ஆச்சரியம்.

ஈஸ்வரி ராவைப் பற்றி மட்டும் எல்லாரும் ஒரே குரலில் நல்லதாகச் சொன்னார்கள், அதில் எனக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை. செல்வி பேசும்போது அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

படம் தவறிய இடத்தையும் சொல்ல வேண்டும், பலர் சொன்ன நீளம் அல்ல அது. படத்தின் பிற்பகுதியில் தாராவிக்காரர்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். டாக்ஸி ஓடவில்லை, குப்பை அள்ளவில்லை, வீட்டு வேலைக்கு ஆள் இல்லை, மும்பை திணறுகிறது. இதுதான் படத்தின் உச்சச் சண்டையாக இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 600 ஏக்கரில் அடைந்து கிடக்கும் லட்சக்கணக்கான ஜனங்களிடம் இருக்கிற ஒரே பலம் அது. அதை ஒரு பாட்டின் வேகத்தில், துண்டு துண்டாகக் காட்டி ஓடிவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் தெருவில் இருந்து அலுமினியக் குண்டானில் இட்லியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்களே, அவர்கள் ஒரு நாள் கிளம்பவில்லை என்றால் எத்தனை ஸ்டேஷன் வாசலில் எத்தனை பேர் பசியோடு நிற்பார்கள் என்று நிதானமாக ஒரு ஐந்து நிமிஷம் காட்டியிருக்கலாம். காலி குண்டான், காலி பிளாட்பாரம், ஒரு கை கூட ஓங்கவில்லை, ஒரு நகரம் மண்டியிடுகிறது. எந்த ஃபைட் மாஸ்டராலும் எடுக்க முடியாத சண்டை. அதற்கான எல்லாமே கையில் இருந்தும், ஒரு நாயகனையும் ஒரு வில்லனையும் நேருக்கு நேர் நிறுத்தியாக வேண்டும் என்ற பழைய கணக்கு குறுக்கே வந்துவிட்டது.

முடிவுக் காட்சியில் அதைக் கொஞ்சம் ஈடுகட்டினார்கள் என்பது உண்மை. காலா செத்தாரா இருக்கிறாரா என்று சொல்லாமல், கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் அவர் முகமாக ஹரி தாதாவுக்குத் தெரிவது, பொடி பறக்கும் அந்தக் கலவரமான அழகு, பின்னால் எங்கள் தாராவிப் பையன்கள் டோப்அடெலிக்ஸ் குரல். அவர்கள் திரையில் வந்தபோது தியேட்டரே பெயர் சொல்லிக் கூப்பிட்டது. தெருவில் ராப் பாடிக்கொண்டு திரிந்த பிள்ளைகள் ரஜினி படத்தில் பாடி ஆடுகிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த வேலைநிறுத்தம் இன்னும் எனக்குள் முழுசாக எடுக்கப்படாத ஒரு படமாகவே கிடக்கிறது.

பெரியப்பா கடைசியில் படத்தைப் பார்த்தார். 2024-இல், மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கிய சமயம். 2022 இறுதியில் 5,069 கோடிக்கு ஏலம் முடிந்த திட்டம், அப்போதுதான் வீடு வீடாக வரத் தொடங்கியிருந்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்து கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு இங்கேயே 350 சதுர அடி இலவசம் என்கிறது அறிவிப்பு, மாலாவில் இருப்பவர்களுக்கு வேறு விதி, வேறு இடம். கீழே இருக்கும் நாங்களும் ஏணி ஏறிப் போகும் சித்தப்பாவும் ஒரே ரேஷன் கடை, ஒரே குழாய், ஒரே கழிப்பறை வரிசை. தாத்தா கட்டிய ஒரே சுவர்.

அன்று ராத்திரி மாலாவில்தான் பார்த்தோம், சித்தப்பா மகன் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து. ஆறேழு பேர், முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு. மேம்பாலச் சண்டையில் பெரியப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ஹரி தாதா வழி கேட்டு நிற்கும் காட்சி வந்தபோது, "கொஞ்சம் பின்னால தள்ளுல, மறுபடி பார்ப்போம்" என்றார். இரண்டு முறை பார்த்தார். படம் முடிந்து இறங்கும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. எழுபத்தோரு வயசு, முட்டி வலி. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார், கீழே நான் பாதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்தேன்.